புதுக் கவுன்

…இல்லை, காய்ச்சல் இல்லை, கழுத்தில் கை வைத்துப் பார்த்தாயிற்று, சில்லென்றுதான் இருக்கிறாள், பிறகு ஏன் இப்படி விறைத்துப் போய் உட்கார்ந்திருக்கிறாள், கடலூரில் பஸ் ஏறியதிலிருந்து முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை, சன்னல் சீட்டுக்கு அடம்பிடிக்கிறவள் சன்னல் பக்கம் திரும்பவே இல்லை… குடிகாட்டுக் கம்பெனிகள் பக்கம் கெமிக்கல் நெடி அடித்ததே, அது வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அங்கே வேலை செய்யும் அப்பா சேரனின் நடையை நடித்துக் காட்டிச் சிரிப்பாளே, இன்றைக்கு அதுவும் இல்லை. ஜெயராணி மறுபடி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இன்றைக்குப் பார்த்தா இப்படி இருக்க வேண்டும்? சிதம்பரத்தில் அரசாங்கத்தின் காதுக்கருவி முகாம், வினுவின் காதுக்கு அச்சு எடுக்கப் போகிறார்கள், அதுவும் அவள் முன்பு இருந்த அதே குழந்தைகள் இல்லத்தில் வைத்து. குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்துச் சந்திரலேகா மேடம் வேறு நேற்று போனில், “நானும் வர்றேம்மா, புள்ளைய நல்லா ரெடி பண்ணி அழைச்சிட்டு வாங்க, பாத்துட்டு ரிப்போர்ட் எழுதணும்” என்றாள். ரிப்போர்ட் போனால்தான் கலெக்டர் ஆர்டர், ஆர்டர் வந்தால்தான் வினு சட்டப்படி இவளுடைய மகள். அதுவரை?

அதுவரை யாரும் எதுவும் சொல்லலாம், பிள்ளை ஒட்டவில்லை என்று எழுதலாம், பிள்ளையை இல்லத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள் எனலாம். ஓரகத்தி சவரியம்மாள் சொன்னாளே, “வேலியில போற ஓணான எடுத்து மடியில வுட்டுக்கிட்டியே, பேச்சும் இல்ல, காதும் கேக்காது, நாளைக்கு எப்படிடி கரையேத்துவ?” அன்றைக்குச் சண்டை போட்டாள், ஆனால் அந்தக் கேள்வி இன்னும் உள்ளேயே கிடக்கிறது, கழுதை, போகமாட்டேன் என்கிறது. அதனால்தான் இன்று ஒரு குறையும் தெரியக்கூடாது என்று நீலக் கவுன் புதிதாக வாங்கி, தலைக்கு எண்ணெய் வைத்து ரெட்டைச் சடை பின்னி, மாற்றுத்துணி ஒரு பையில், பஸ் ஸ்டாண்டில் அவளுக்குப் பிடித்த கேக்… அந்தக் கேக்கைத்தான் பார், தின்னவும் இல்லை, கீழே போடவும் இல்லை, இடது கைக்குள் நசுங்கி விரலிடுக்கில் பிதுங்குகிறது.

ஆலப்பாக்கத்தில் ஏறிய மீன்கூடைக்காரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “புதுக் கவுனா கண்ணு?” வினு நிமிரவில்லை. “காது கேக்காதுங்க” என்றாள் ஜெயராணி. “அய்யோ பாவம்… ஆஸ்டல்ல வுடப் போறீங்களா? எம் பொண்ணயும் இப்படித்தான் புதுசு போட்டு இட்டாந்து வுட்டோம், இதே மாதிரிதான் மூஞ்ச வெச்சிருந்துச்சு.” இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தவளுக்குத் தலை அப்படியே நின்றுவிட்டது. இல்லத்து ஆயா மங்கலம் முதல்நாளே சொன்னாளே, தங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் வினுவை அழைத்துப்போய்க் கொஞ்ச மாதம் வைத்திருந்து திருப்பிவிட்டதை… “புதுச்சட்டை போட்டு, தலவாரி, கையில கேக்கைக் குடுத்து, துணிப்பையோட இட்டாந்தாங்கம்மா, சிஸ்டர்கிட்ட பேசிட்டு வர்றோம்னு போனவுங்கதான். புள்ள கேட்டண்டையே உக்காந்து கெடந்துச்சு.” கர்த்தரே… புதுச்சட்டை, கேக், துணிப்பை. ஒன்று விடாமல் நானும் செய்திருக்கிறேனே.

எப்படிச் சொல்வது இவளுக்கு? சாப்பாட்டுக்குச் சைகை இருக்கிறது, குளிக்க, தூங்க, மழைக்கு, பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட இருக்கிறது, திரும்பி வருவோம் என்பதற்கு இல்லை, தேவைப்படவே இல்லையே, கடலூரைத் தாண்டி எங்கே போனோம்… கையால் கூரை போட்டுக் காட்டினாள், வீடு, தன்னைத் தொட்டு, வினுவைத் தொட்டு, மறுபடி கூரை. வினு பார்த்தாள். கூரை என்றால் எந்த வீடு? அந்த இல்லத்துக்கும் கூரை இருக்கிறதே. பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது, இறங்கி அடுத்த பஸ்ஸில் கடலூருக்கே ஓடிவிடலாமா, ஓடினால் கருவி? மேடம் என்ன எழுதுவாள்? சிதம்பரம் பஸ் ஸ்டாண்டின் பெண்கள் அறையில் நீலக் கவுனைக் கழற்றி, பையிலிருந்த வெளுத்த மஞ்சள் சட்டையை மாட்டினாள், வீட்டில் தினமும் போடுகிற சட்டை, இதையாவது புரிந்துகொள்ளடி என் கண்ணே. வினு மறுக்கவில்லை, நல்ல பிள்ளையாக இரண்டு கையையும் தூக்கிக் கொடுத்தாள், அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

இல்லத்து வாசலில் முகாமுக்கு ஒரே கூட்டம், உள்ளே சந்திரலேகா மேடம் யாருடனோ பேசிக்கொண்டு நிற்பது தெரிந்தது. வினு அழுவாள், காலைக் கட்டிக்கொள்வாள், மேடம் பார்க்கட்டும், எழுதினால் எழுதட்டும் என்று ஜெயராணி தயாராக நின்றாள். வினு அழவில்லை. தன் விரல்களை ஜெயராணியின் பிடியிலிருந்து தானே உருவிக்கொண்டாள், இல்லத்துப் பிள்ளைகளின் செருப்புகள் சுவரோரம் வரிசையாக இருந்தன, போய், குனிந்து, தன் செருப்பைக் கழற்றி அந்த வரிசையின் கடைசியில் ஒழுங்காக வைத்தாள். இவளை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வார்களோ என்று நான், நான் விட்டுவிடுவேனோ என்று இவள்… கடலூரிலிருந்து ஒரே சீட்டில் ஒட்டி உட்கார்ந்து வந்தோமே. ஜெயராணி தன் செருப்பையும் கழற்றி வினுவின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். வினு அந்தப் பெரிய செருப்பைப் பார்த்தாள், பிறகு ஜெயராணியின் முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். போன தடவை அவளைத் திருப்பிவிட்டவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போயிருப்பார்களோ?