இளவரசரின் இடப்பக்கம்

1.

போட்ஸ்டாமில் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையின் சுவரிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. முட்டைக்கோஸ் சூப் ஆறும்வரை பார்க்க அங்கே வேறொன்றும் இல்லை, ஒரு பிரஷ்யத் தளபதியின் படத்தைத் தவிர. நெஞ்சு நிறையப் பதக்கம். கீழே அவர் படையில் சேர்ந்த வருடமும் விலகிய வருடமும். நெப்போலியன் ஒழிந்த பிறகு சேர்ந்து, அடுத்த பெரிய போருக்கு முன்பே விலகியிருக்கிறார். பதக்கமெல்லாம் விருந்துக்கு வந்த அயல்நாட்டு மன்னர்கள் குத்திவிட்டுப் போனதாக இருக்கும்.

போரே பார்க்காத தளபதியை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது?

2.

குண்டு மழைக்கு நடுவே லேபரெக்ட் ஃபொன் தார்னோ தன் குதிரையை

(அடித்துவிட்டேன். குண்டு ஏது, மழை ஏது? பெயர் மட்டும் இருக்கட்டும். அது நான் வைத்தது.)

3.

இலையுதிர்காலப் போர் ஒத்திகை. ஓரணிக்குத் தார்னோ தலைமை, எதிரணிக்கு இளவரசர். ஒத்திகையில் இளவரசர்தான் ஜெயிக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். ஒழுங்காகத் தோற்றுக் கொடுத்தால் தார்னோவுக்குப் பதவி உயர்வு, ஸ்டெட்டினில் பெரிய வீடு. அவர் மனைவி அடெல்ஹைட் அந்த வீட்டு ஜன்னல்களுக்குத் திரைச்சீலையே வெட்டிவிட்டாள். மாறாக நடந்தால் நீல உறையில் கடிதம் வரும். தானாகவே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

மேட்டிலிருந்து பார்க்கிறார் தார்னோ. இளவரசரின் இடப்பக்கம் காலி. பீரங்கிகளுக்குக் காவலில்லை. பீரங்கிக்காரப் பையன்கள் உட்கார்ந்து கடுகு விழுது தொட்டு சாசேஜ் தின்கிறார்கள். இவருடைய குதிரைப்படையோ மரங்களுக்குப் பின்னால் தயார்.

"பாத்தியா ஹாஸோ?"

"நான் எதையும் பாக்கல ஜெனரல். நீங்களும் பாக்காதீங்க," என்றான் உதவி அதிகாரி ஹாஸோ.

"அந்தப் பிள்ளை இவ்ளோ முட்டாளா?"

"முட்டாள் இல்ல. யாரும் அடிக்க மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும். போன வருஷம் நீங்களே அடிக்கலையே."

தார்னோ மறுபடியும் அந்தப் பீரங்கிகளைப் பார்த்தார்.

"நாளைக்கு நெஜ எதிரி வருவான். அவனும் மரியாதை பாப்பானா? சாசேஜ் திங்கிற அந்தப் பசங்கதானே சாவாங்க?"

"எதிரி எப்ப வருவானோ. நீல உறை அடுத்த வாரமே வந்துரும்."

தார்னோ கையை உயர்த்தினார். தாக்குதலுக்கு ஊத, ஊதுகுழல்காரன் குழலை உதட்டில் வைத்தான்.

4.

முதல் முடிவு: ஊதினான். ஜெயித்தார். நீல உறை. (நல்லவர்களைத் தியாகிகளாக்கி எனக்கு அலுத்துவிட்டது.)

இரண்டாவது: கையை இறக்கினார். ஸ்டெட்டினில் திரைச்சீலை தொங்குகிறது; அவர் ஜன்னல் பக்கமே போவதில்லை. (இதுவும் வலிந்து செய்தது. மனிதர் நிம்மதியாகத் தூங்கியும் இருக்கலாம்.)

மூன்றாவதை எழுத உட்கார்ந்தால், தூக்கிய கையோடு அப்படியே நிற்கிறார். வாழ்நாளெல்லாம் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்தவர், இப்போது என் உத்தரவுக்குக் காத்திருக்கிறார். இதையாவது நீரே முடிவுசெய்யக் கூடாதா ஐயா?

5.

என் சூப் ஆறிவிட்டது. ஊதுகுழல்காரன் இழுத்த மூச்சை விடாமல் முகம் சிவந்து நிற்கிறான். இனி உங்கள் பாடு.

ஊதச் சொன்னால், அடெல்ஹைட்டிடம் நீங்களே போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள். குழலை இறக்கச் சொன்னால், உதட்டில் கடுகு ஒட்டிய அந்தப் பையன்களிடம்.