கண்ணாடி கழன்றால் அச்சுக்கு

அடிவரியின் வீட்டில் அந்த வாரம் முழுக்க யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வைக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அடிவரி என்பது பட்டப்பெயர். வீடியோ கேம் பத்திரிகை ஒன்றில், படங்களுக்கு அடியில் வரும் ஒற்றை வரியை எழுதுவது ஒரு காலத்தில் அவருடைய வேலை. விளையாட்டெல்லாம் போனுக்குள் குடிபுகாத காலம் அது. அடுத்த கட்டத்துக்குப் போகத் தெரியாமல் முழி பிதுங்கியவர்கள், மாதம் பிறந்ததும் கடைக்கு ஓடிப்போய் அந்தப் பத்திரிகையை வாங்குவார்கள். வாங்கியபின் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டோம் என்பதையே மறந்துவிடுவார்கள். மட்டமான விளையாட்டுக்கு நூற்றுக்கு இரண்டு மதிப்பெண் போட்டு, ‘ஒன்று டப்பாவுக்கு, இன்னொன்று அதைத் திரும்ப மூட முடிந்ததற்கு’ என்று விளக்கம் வரும். ‘பனிக்கோட்டைப் பாலத்தை எப்படித் தாண்டுவது?’ என்று கேட்ட வாசகருக்கு, ‘நாங்களும் அங்கேதான் நிற்கிறோம், வரும்போது போர்வை கொண்டுவரவும்’ என்று பதில் போனது.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வரி சிரிப்பாக இருக்கிறதா இல்லையா என்று ஆசிரியரிடம் கேட்கக் கூடாது. அவர் எதற்கும் சிரிப்பார், தும்மினால்கூடச் சிரிப்பார். கணக்கு எழுத வந்த பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். வாழ்நாளில் ஒரு விளையாட்டும் ஆடாதவள். கணக்கம்மா என்று கூப்பிடுவார்கள். அவள் வாய்விட்டுச் சிரிக்கமாட்டாள். தோள் குலுங்கும், கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும், கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பாள். கண்ணாடி கழன்றால் வரி அச்சுக்கு, இல்லையென்றால் குப்பைக் கூடைக்கு. அடிவரி அந்தக் கண்ணாடியைக் கழற்றுவதற்காகவே எழுதிக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடிக்காரியையே கல்யாணமும் செய்துகொண்டார்.

பத்திரிகை மூடிப் பல வருடமாகிவிட்டது. இப்போது அவர் சலவை இயந்திரம் செய்யும் கம்பெனியில் கையேடு எழுதுகிறார். ‘ஈரக் கையால் தொட வேண்டாம்’ வகையறா. அதை வீட்டில் காட்டுமளவுக்கு ஒரு எழுத்தாக அவரே மதித்ததில்லை.

இந்த நிலையில்தான் பழைய ஆசிரியர் போன் செய்தார். “யோவ் அடிவரி, வாசகருங்க விடமாட்டேங்கிறாங்க. ஒரே ஒரு சிறப்பிதழ் போடறோம். பழைய குசும்பு அப்படியே வேணும். பழைய சட்டம்தான்யா, கணக்கம்மா கண்ணாடி கழலணும். கழலலைன்னா வெறும் படத்தைப் போட்டுட்டுப் போயிருவேன்.”

படங்கள் வந்தன. அடிவரி வரிந்து கட்டிக்கொண்டு எழுதினார். மாயக் கதவுக்குள் ஆறடி வீரன் நுழைந்து, முழங்கால் உயரத்துப் பொடியனாக வெளியே வருகிற படம். ‘உள்ளே போனவர் அண்ணன், வெளியே வந்தவர் தம்பி’ என்று எழுதி மனைவியிடம் நீட்டினார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் அவள்.

கட்டின புடவைச் சாயம் போனாலும் அவள் அதையேதான் சொல்வாள். அடுத்த வரிக்கும் அதே பதில், அதற்கடுத்ததற்கும் அதேதான். கண்ணாடி இம்மியும் அசையவில்லை. அடிவரிக்குச் சோறு இறங்கவில்லை. பத்திரிகை போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். இவளைச் சிரிக்க வைக்கத் தெரியாத ஆளாகிவிட்டோமே என்பதுதான் அவர் நெஞ்சைக் குடைந்தது. கையேடு எழுதி எழுதிக் கை மரத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் சிறப்பிதழ் வரிகளைத் திருத்தி ஆசிரியருக்கு அனுப்பினார். புது இயந்திரத்தின் கையேட்டையும் அன்றைக்கே மேலாளருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதையும் அனுப்பினார். பத்திரிகைக் காலத்துப் பழக்கம், எதை முடித்தாலும் கோப்புக்கு ‘அடிவரி – இறுதி’ என்றே பெயர் வைப்பார். இரண்டுக்கும் அதே பெயர். இரண்டிலும் எண் போட்ட வரிகள் மட்டும்தான், அவற்றைப் படங்களுக்கு அடியில் சேர்ப்பது அங்கங்கே இருப்பவர்கள் வேலை.

சனிக்கிழமை காலை ஆசிரியரே ஸ்கூட்டரில் வந்து, வடிவமைத்த பக்கங்களை வாசலில் கொடுத்தார். “வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்தேன்யா” என்று சொல்லிவிட்டுப் போனார். அது செல்லாத ஓட்டு. அடிவரி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல், பக்கங்களை மனைவி முன்னால் வைத்துவிட்டுச் சமையலறையில் போய்த் தண்ணீர் குடிப்பதுபோல நின்றார்.

பொறுக்க முடியாமல் எட்டிப் பார்த்தார். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“என்னம்மா?”

அவள் ஒரு படத்தைக் காட்டினாள். நெருப்பு ஆற்றின்மேல் ஏழு தலை அரக்கன். அதன் கீழே, ‘சிறு குழந்தைகளை இதன்மேல் உட்கார வைக்க வேண்டாம்.’

அடுத்த படத்தில், வீரன் சேற்றிலும் ரத்தத்திலும் குளித்து நிற்கிறான். ‘வெள்ளைத் துணிகளைத் தனியாகத் துவைக்கவும்.’ குகைக்குள் விழுங்கக் காத்திருக்கும் பிரம்மாண்டமான வாய். ‘சுழற்சி முழுமையாக நின்ற பிறகே உள்ளே கை விடவும்.’

கண்ணாடி கழன்று மேஜைக்கு வந்தது.

“ஐயையோ! இது கையேடு!” என்றார் அடிவரி.

“இத்தனை வருஷமா இதையா எழுதிட்டிருந்தீங்க?” புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு ஏங்க ஒரு தடவைகூடக் காட்டலை?”

அவர் மேஜைமேல் இருந்த கண்ணாடியைச் சட்டையில் துடைத்து அவளிடம் நீட்டினார். அந்த நேரம் பார்த்துத்தான் இன்னொரு கோப்பு எங்கே போயிருக்கும் என்பது உறைத்தது. மேலாளருக்குப் போன் போட்டார்.

“சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன்” என்றார் மேலாளர். “கையேடு பார்த்துட்டேன். தெளிவா இருக்கு. அச்சுக்கு அனுப்பிடலாம்.”

“படிச்சீங்களா சார்?”

“படமெல்லாம் கரெக்டா இருக்கு.”

“ஒரு வரி, ஒரே ஒரு வரி வாய்விட்டுப் படிங்க சார்.” மனைவிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கூட்டத்தில் ஆண்டறிக்கை வாசிக்கிற அதே குரலில் படித்தார். “படம் ஆறு. கம்பளிச் சட்டையைச் சுடுதண்ணீரில் போடுதல். உள்ளே போனவர் அண்ணன், வெளியே வந்தவர் தம்பி.”

கணக்கம்மா அப்போதுதான் மாட்டியிருந்த கண்ணாடியை அவசரமாகக் கழற்றினாள்.

“சரிதானே சார்?” என்றார் மேலாளர். “என் ஸ்வெட்டருக்கும் இதேதான் ஆச்சு.”

“மத்ததெல்லாம் மாத்தி அனுப்பறேன் சார்” என்றார் அடிவரி, மனைவியைப் பார்த்துக்கொண்டே. “இது மட்டும் அப்படியே இருக்கட்டும்.”