சாலிட் லா, அண்ணே

1

இந்தக் கதை ஒரு தப்பான கேள்வியிலிருந்து பிறந்தது. கேட்டவர் பரஞ்சோதி, கெடாவில் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்து ஓய்வு பெற்றவர். நானும் ஓய்வு பெற்றவன்தான். அவருக்குப் பொய் வராது; அந்தக் குறையை நான் ஈடுகட்டுகிறேன்.

முதல் வரைவு: 'பரஞ்சோதி நாற்பது கம்ப்யூட்டர் கடை ஏறி இறங்கி, செருப்புத் தேய்ந்து, பாதமும் பாதி தேய்ந்து…'

[வேண்டாம். மூன்று கடைதான். மூன்றும் மாடியில்.]

2

தோட்டத்தை விற்கிறார்கள். நாற்பத்தொரு குடும்பங்கள் வீடு கேட்டு மனு போட்டிருக்கின்றன. எத்தனை வருஷம் உழைத்தார்கள் என்று காட்டும் தாள்களைப் பரஞ்சோதி ஸ்கேன் எடுத்து வைத்திருந்தார். அசல் போன வருஷ வெள்ளத்தோடு போயிற்று. மிச்சம் அவருடைய லேப்டாப்பில் மட்டும். அதுவும் மூச்சு வாங்குகிறது; நின்றுபோகும் முன் வேறு டிஸ்க்கில் நகலெடுத்தாக வேண்டும். திங்கட்கிழமை விசாரணை.

கூலிம் கடையில் யோகேஸ்வரி என்ற பெண் பொறுமையாக விளக்கினாள். ஹார்ட் டிஸ்க்கை மோட்டார் சைக்கிளில் தோட்டத்து ரோட்டில் கொண்டுபோனால் உள்ளே சுழலும் தட்டு அடிபடும். எஸ்எஸ்டி என்கிற 'சாலிட் ஸ்டேட்' டிஸ்க்கில் சுழல்வதற்கே எதுவும் கிடையாது. ஐந்நூறு ஜிபி போதும், விலை இருநூற்று நாற்பது வெள்ளி, அதாவது ரிங்கிட். அவர் பையில் நூற்றிருபது. கேட்டால் நாற்பத்தொரு வீடும் கொடுக்கும். கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

3

கரங்கான் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், மனோகரன் என்ற பையனின் கடையில், காலுறைக்கும் சார்ஜருக்கும் நடுவே ஒரு டிஸ்க் பெட்டி: பதினாறு டிபி, அதாவது பதினாறாயிரம் ஜிபி, ஐம்பத்தொன்பது வெள்ளி. (கெடா மாநிலத்தையே உள்ளே போட்டு மூடலாம் என்கிறது. புளுகில் என்னையே தோற்கடித்த பெட்டி.)

'சாலிட் ஸ்டேட்'டா என்று கேட்டு வாங்கச் சொல்லியிருந்தாள் யோகேஸ்வரி. அலைந்த களைப்பில் பாதிதான் நினைவில் நின்றது.

"தம்பி, இது சாலிடா?"

"சாலிட் லா, அண்ணே."

நம் ஊரில் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, நன்றாக இருந்தாலும் சாலிட்தான். மனோகரன் பதில் சொன்னான், வேறு கேள்விக்கு.

*அடிக்குறிப்பு: இந்த மாதிரிப் போலிகளுக்கு வாய் பெரிது, வயிறு சிறிது. நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியதை எழுதும். பெயரெல்லாம் வரிசையாக நிற்கும். திறந்தால்தான் தெரியும்.*

4

'பரஞ்சோதி அதைக் கீழே வைத்துவிட்டு…'

[இல்லை. வாங்கிவிட்டார். நாலு தடவை அடித்து எழுதியும் வாங்கியேவிட்டார்.]

ஐந்து மணி நேரம் ஏற்றினார். முடிந்தது என்றது திரை. அரை மணியில் லேப்டாப் அணைந்தது; பிறகு எழவே இல்லை.

சனிக்கிழமை மறுபடி அதே மாடி. யோகேஸ்வரி பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். கடைக் கம்ப்யூட்டரில் செருகினாள். நாற்பத்தொரு பெயர்களும் வந்தன.

"யாரோடத மொதல்ல திறக்க, அங்கிள்?"

"கொஞ்சம் இரும்மா," என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலி தேடினார்.

5

திறந்தது என்று ஒரு முடிவு எழுதினேன். கைக்கு இனித்தது, நம்ப முடியவில்லை. திறக்கவில்லை என்று எழுதினேன். நம்ப முடிந்தது, கை வலித்தது. எதையும் பத்து மடங்காக்கிச் சொல்லும் எனக்கு, இதைக் கூட்டவும் வரவில்லை, குறைக்கவும் வரவில்லை.

முதல் பெயர் ராக்காயி. முப்பத்துநான்கு வருஷம் ரப்பர் பால் வெட்டியவர்.

நான் எழுந்துகொள்கிறேன். மவுஸ் உங்கள் பக்கம் இருக்கிறது. இரண்டு தட்டு தட்ட வேண்டும்.