ஹார்க்கின்ஸுக்கு ஒரு மாலை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. இத்தாலியின் பலெர்மோ நகரில், பலாரோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது செலஸ்ரீனா சொன்னது. அவள் மன்னார்க்காரி, சந்தையை ஒட்டிய அல்பெர்கேரியாவில் தனியாக இருந்த ஓர் அமெரிக்கக் கிழவரைப் பராமரிக்கும் வேலை அவளுக்கு. அவர் நடிகர் என்றதும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'வெண்டல் ஹார்க்கின்ஸ் முதன்முதலாகச் செத்தபோது அவருக்கு வயது இருபத்து—'

வேண்டாம். கெட்டிக்காரத்தனம் காட்டுகிற வரி. [அடித்ததை உங்களுக்குக் காட்டுகிறேன், அதுவும் கெட்டிக்காரத்தனம்தான்.]

நேராகச் சொல்கிறேன். அவர் துணை நடிகர். வண்டிக்காரன், மதுக்கடைக்காரன், காவலாளி. கதாநாயகனுக்குக் கோபம் வரவேண்டுமென்றால் யாராவது சாகவேண்டும். அதற்கு இவரைக் கூப்பிடுவார்கள். அறுபதுகளில் இத்தாலியர் எடுத்த குதிரைப் படங்களில் சாக வந்தவர், பலெர்மோக்காரி ஒருத்தியைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டார். முகம் பலருக்குத் தெரியும், பெயர் ஒருவருக்கும் தெரியாது. மனைவி காலமான பிறகு பேச்சும் குறைந்துவிட்டது.

2

1996, உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு இங்குள்ள எங்கள் ஈழத்து ஆட்கள் கோவில் மண்டபத்தில், விசுவாசத்துக்காக உயிர்விட்ட ஒரு வேதசாட்சியின் கூத்தைப் பழகினார்கள். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் எமிலியானுஸ், வாரநாட்களில் ஹோட்டலில் கோப்பை கழுவுகிறவர். செலஸ்ரீனா கிழவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள்.

"பெரிய நடிகராம். ராசா வேசம் குடுப்பமோ?" என்றார் எமிலியானுஸ்.

செலஸ்ரீனா கிழவரிடம் இத்தாலிய மொழியில் கேட்டுச் சொன்னாள். "வேண்டாமாம் அண்ணாவியார். சின்னதாய் ஒண்டு காணுமாம். தான் எந்தக் காட்சியிலை சாகவேணும் எண்டு கேக்கிறார்."

"சிறைக்காவலன் இருக்கு. ஆனால் அவன் சாகிறேல்லை."

கிழவர் சிரித்தார். மனைவி போன பிறகு அதுதான் முதல் சிரிப்பாம். [இதை நான் நம்பவில்லை. கதைக்கு மிகவும் வசதியாக இருக்கிறது. செலஸ்ரீனா சத்தியம் பண்ணியதால் விட்டுவைக்கிறேன்.]

எங்கள் கூத்தில் காவலனுக்கும் வரவுப் பாட்டு உண்டு. தான் இன்னார் என்று சபைக்குச் சொல்லாமல் எவனும் ஆட முடியாது. வரவு முடிய மத்தளம் நிற்கும். சொந்தக்காரர் மேடையேறி மாலை போடுவார்கள். அதன் பிறகுதான் கதை நகரும்.

இதைக் கேட்டதும், தனக்கு யார் மாலை போடுவார்கள் என்று கிழவர் விசாரித்தாராம்.

3

இங்கேதான் நான்சி வருகிறாள். அமெரிக்காவில் முதல் தாரத்துக்குப் பிறந்த மகள். அப்பாவைக் கூட்டிப்போய் அங்கே முதியோர் இல்லத்தில் சேர்க்க வந்தாள். கூத்துக்கு மறுநாள் விமானம். "இங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்?" என்று செலஸ்ரீனாவிடம் கேட்டாள்.

நான்சியை வில்லியாக எழுதத்தான் பார்த்தேன்: குதியுயர்ந்த சப்பாத்து, இறுகிய வாய், கையில்—

பொய். சின்ன வயதில் திரையரங்கில் அழுத பிள்ளை அவள். அப்பா வீட்டுக்கு வந்ததைவிடத் திரையில் செத்ததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். பாவம்.

4

முடிவு. காவலன் மேடையிலேயே விழுந்து இறப்பதாக ஒன்று எழுதி, செலஸ்ரீனாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஏனண்ணை அவரைச் சாக்காட்டுறியள்? அந்த மனிசன் படம் படமாய்ச் செத்தது காணாதே?"

"அப்ப என்ன நடந்தது? நீரே சொல்லும்."

"சொல்லமாட்டன். சொன்னால் எழுதிப்போடுவியள்."

அவள் சொன்ன இடம் வரைக்கும்தான் என்னிடம் இருக்கிறது. கிழவர் தமிழ் வரவை ஒருமாதிரிப் பாடி முடித்துவிட்டார். மத்தளம் நின்றுவிட்டது. முன்வரிசையில் நான்சியும் செலஸ்ரீனாவும் பக்கத்தில் பக்கத்தில். மாலை செலஸ்ரீனாவின் மடியில்.

அவளே போட்டால், அவருக்கு இங்கே ஆள் உண்டு என்று மகளின் முகத்துக்கு நேரே சொன்னதாகும். கிழவர் ஒருவேளை விமானம் ஏறமாட்டார். நான்சியிடம் கொடுத்தால், சாகாத வேடத்தில் நிற்கிற அப்பாவை அவள் ஒருமுறை கட்டிக்கொள்வாள். நாளைக்குக் கூட்டிக்கொண்டும் போய்விடுவாள். எனக்கு இருவரையும் பிடிக்கிறது. அதனால் எழுத முடியவில்லை.

அவர் கழுத்தைக் குனித்தபடி நிற்கிறார். எவ்வளவு நேரம்தான் நிற்பார்? வாசிக்கிற நீங்களாவது யோசித்துக்கொண்டிராமல் இருவரில் ஒருத்தியை எழுப்பி அனுப்புங்கள்.