கைவைத்தியம்

அலுவலகத்தில் அவருக்கு வைத்தியர் என்று பெயர். வயது என்னவோ முப்பத்தெட்டுதான்; இருந்தாலும் பட்டத்துக்கு மரியாதை கொடுத்து நாமும் 'அவர்' என்றே சொல்லிவைப்போம். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம் எதுவானாலும் சரி, எங்கே வலிக்கிறது என்று சொன்னால் போதும். உள்ளே புகுந்து ஒரு வரியை மாற்றி, எதையோ தட்டி எழுப்பி, பத்து நிமிடத்தில் நடக்க வைத்துவிடுவார். முன்னனுமதி, எழுத்து வேலை எதுவும் கிடையாது. சுத்தக் கைவைத்தியம்.

அவருக்கு எதிர் மேசையில் லிஸ்ட் அக்கா. ஒப்பந்த ஊழியர், ஆறு வருடமாக. தண்ணீர் குடிக்கப் போவதைக்கூட நோட்டில் எழுதி டிக் அடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அக்காவும் கூடவே சிரிப்பார். ஆனால் நோட்டை மூடமாட்டார்.

தனியாக வாழும் வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பட்டனை விற்பதுதான் அவர்கள் கம்பெனியின் தொழில். விழுந்துவிட்டால் அழுத்த வேண்டும். செய்தி கம்பெனியின் கிளஸ்டருக்கு, அதாவது ஒன்றாகக் கட்டிப்போட்ட கம்ப்யூட்டர் கூட்டத்துக்கு வரும், அங்கிருந்து உதவி மையத்துக்குப் போகும், ஆள் வருவார். செய்தி சேர்ந்துவிட்டால் பட்டனில் பச்சை விளக்கு எரியும்.

அந்தச் செய்தியை வாங்கும் நிரல் இருந்தது ஒரு வினோதமான வீட்டில். சர்வர்லெஸ் என்பார்கள். யாரும் கூப்பிடாதபோது நிரல் படுத்துத் தூங்கிவிடும். கூப்பிட்டால் எழுந்து வரும். மற்ற வேலைகளுக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்த நிரல் கும்பகர்ணன் வம்சம், எழுந்துவர இருபத்தெட்டு நொடி ஆகும். பட்டனோ பதினைந்து நொடிதான் பொறுக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் செய்தியைக் கைவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டுவிடும்.

இந்த வீட்டை மேற்பார்க்க ஓர் ஆபரேட்டர். ஆபரேட்டர் என்றதும் காதில் ஹெட்போன் மாட்டிய ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். அதுவும் ஒரு நிரல்தான், ஆனால் சரியான விடாக்கண்டன். அதன் கையில் ஒரே ஒரு கோப்பு. எது எப்படி இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். யாராவது அதை மீறிக் கையால் எதையாவது மாற்றினால், ஆபரேட்டர் வந்து பழையபடி வைத்துவிட்டுப் போகும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கோப்பில் மாற்ற வேண்டும். கோப்பில் மாற்றினால் இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். அந்த இன்னொருவர் லிஸ்ட் அக்கா.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, வெளியாட்களுக்குப் பட்டனைக் காட்ட வேண்டிய நேரத்தில் சிவப்பு எரிந்தது. "ஒரு மணி நேரம்தான் இருக்கு, எதையாவது பண்ணு," என்று மேலாளர் கையைப் பிசைந்தார். வைத்தியர் உள்ளே போய், 'தூங்கலாம்' என்றிருந்ததைத் 'தூங்கக் கூடாது' என்று மாற்றினார். ஆபரேட்டர் திருப்பி வைத்தது. மறுபடி மாற்றினார். மறுபடியும் வைத்தது. அக்காவிடம் போனால் பதினாலு கேள்வி கேட்பார். ஏன், எதற்கு, சோதித்தாயா, யாரிடம் சொன்னாய். யாரால் முடியும்? வைத்தியர் ஆபரேட்டரையே நிறுத்தினார். நிறுத்திவிட்டுக் கையால் மாற்றினார். பச்சை எரிந்தது. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

திங்கட்கிழமை கோப்பில் முறையாக எழுதிவிடலாம் என்று நினைத்தார். அதற்குப் பிறகு முப்பத்துநாலு திங்கட்கிழமை வந்து போயின.

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை, லிஸ்ட் அக்கா அந்த வீட்டையே புதிய பதிப்புக்கு மாற்றினார். இருபத்திரண்டு வரி லிஸ்ட். ஏழாவது வரியில் நின்று தலையைத் தூக்கினார்.

"ஏம்ப்பா, ஆபரேட்டர் ஓடாம நிக்குதே. ஏன்னு தெரியுமா?"

வைத்தியர் வேறு எதிலோ மூழ்கியிருந்தார். "தெரியலக்கா. யாராவது எப்பவாவது நிறுத்தியிருப்பாங்க. ஏத்திவிடுங்க."

அக்கா ஏற்றிவிட்டார். எட்டு மாதம் படுத்துக்கிடந்த ஆபரேட்டர் எழுந்து, கோப்பைப் புரட்டி, எல்லாவற்றையும் அதில் உள்ளபடி வைத்தது. தூங்கலாம்.

வார நாளில் யாராவது அழுத்திக்கொண்டே இருப்பார்கள். சும்மா வேலை செய்கிறதா என்று பார்க்கிறவர்களே பாதிப் பேர். அதனால் நிரல் கண்ணயரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத்தான் முதல் தடவையாக அயர்ந்து தூங்கியது. அந்த நேரம் பார்த்து, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வயது எழுபத்தாறு. பட்டனை அழுத்தினார். சிவப்பு எரிந்தது. இரவு ஏழு மணிக்கு, ரேடியோ ஓயாமல் அலறுகிறதே என்று மாடிவீட்டுக்காரி கதவைத் தட்டும்வரை, ஈரத் தரையில் ஐந்து மணி நேரம் கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

செய்தி வந்ததும் வைத்தியர் வீட்டிலிருந்தே கிளஸ்டரைத் திறந்தார். 'தூங்கலாம்' என்ற வரியைப் பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமை, அந்த ஒரு மணி நேரம், முதுகில் விழுந்த தட்டு, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. பத்தே நிமிடத்தில் கோப்பில் ஒரு வரி எழுதினார், முறையாக. ஒப்புதல் கொடுத்தது லிஸ்ட் அக்காதான். "நல்லவேளைப்பா, நீ உடனே கண்டுபிடிச்சே," என்று போனில் சொன்னார். குரல் அழுது கரகரத்திருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தார். "பரவாயில்லக்கா" என்று வந்தது. என்ன ஜென்மமோ!

செவ்வாய்க்கிழமை விசாரணை. அக்கா தாமே எழுந்து பேசினார். கோப்பில் அந்த வரி முதலிலிருந்தே 'தூங்கலாம்' என்றுதான் இருந்திருக்கிறது; பழைய பதிப்பு அதை மதிக்கவில்லை போலிருக்கிறது, புதிய பதிப்பு மதிக்கிறது. "புதுப் பதிப்புல என்னென்ன மாறியிருக்குன்னு போட்ட குறிப்புல பதினாறு பக்கம் படிச்சேன். மிச்சத்த மேலோட்டமா பாத்தேன். அதுலதான் இருந்திருக்கணும். என் தப்புதான்."

இருக்கவில்லை. எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை. வைத்தியருக்கு அது தெரியும். மேசைக்கடியில் கட்டைவிரல் நகத்தைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை, அதோடு அக்காவின் ஒப்பந்தம் முடிவு என்று மேலாளர் தீர்த்துச் சொல்லிவிட்டார். நிரந்தர ஊழியரான வைத்தியரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வைத்தியருக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் படுத்தார். காலையில் எழுந்தால், ஒரு நாள் தாமதித்ததற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டுமே என்று தோன்றும். கடன் வட்டி மாதிரி குட்டி போட்டுக்கொண்டே போயிற்று.

அவர் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த வாரப் புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: "அம்மா தனியாத்தானே இருக்காங்க. உங்க கம்பெனி பட்டன் ஒண்ணு வாங்கித் தாங்களேன். நீங்க செஞ்சதுன்னா அம்மா நம்பிப் போட்டுப்பாங்க."

"பாக்கலாம்," என்றார்.

"என்னங்க ஒரு வாரமா பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? உடம்புக்கு முடியலையா?"

"வேலை," என்று கையைக் கழுவப் போனார். குழாயை மூட மறந்து அப்படியே நின்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. அக்கா அலுவலக வாசலில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏறுங்கக்கா, வீட்ல விடறேன்."

"வீட்டுக்கு இல்லப்பா. ஆஸ்பத்திரிக்கு." காரில் ஏறி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டிரைவர் ஐயாவப் பாக்க. தினமும் போறேன்."

வைத்தியருக்கு இது தெரியாது. வழியெல்லாம் வைப்பர் மட்டும் பேசிக்கொண்டு வந்தது. வாசலில் இறக்கிவிட்டு ஓடிவிடலாம் என்றிருந்தவரை அக்கா விடவில்லை. "வந்துட்டுப் போ. உன்னாலதானே அன்னிக்கே சரியாச்சு. அவரும் பாக்கட்டும்."

மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். டிரைவர் கழுத்துவரை போர்வையோடு படுத்திருந்தார். மெலிந்த முகம், ஆனால் கண்ணில் குறும்பு.

"வந்துட்டியாம்மா? இன்னிக்கு மன்னிப்புப் படலம் வேண்டாம், ஆரஞ்ச மட்டும் உரி." வைத்தியரைப் பார்த்தார். "இது யாரு?"

"கூட வேலை பாக்கறவர். மழையில கொண்டுவந்து விட்டார்."

"நல்ல மனசு தம்பி. உக்காரு." அவரே தொடர்ந்தார்: "இந்தப் பொண்ணு தினமும் வந்து அழுதா எனக்கே கூச்சமா இருக்கு. தப்பு என் பேர்லயும் இருக்கே. மறுபடி ஒரு தடவ அழுத்தியிருக்கலாம், அதுக்குள்ள அது முழிச்சிருக்குமாம். அழுத்தல. முப்பத்தாறு வருஷம் சிவப்பு எரிஞ்சா பிரேக் போட்டவன். சிவப்புன்னா பேட்டரி போச்சு, ஆபீஸ் நேரத்துல கூப்பிடுங்கன்னு பட்டனோட குடுத்த அட்டையில வேற போட்டிருக்கு. சரி, திங்கட்கிழமை கூப்பிடலாம்னு படுத்துட்டேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்ததில் இடுப்பு வலித்து முகம் கோணியது. அக்கா ஆரஞ்சைப் போட்டுவிட்டுப் பதறி எழுந்தார். "என்னால... எல்லாம் என்னாலதான் ஐயா."

"நீங்க இல்லக்கா," என்றார் வைத்தியர்.

தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"நான்தான். அந்த ஆபரேட்டர நிறுத்தினது நான். எட்டு மாசம் முன்னாடி. நிறுத்திட்டு கையால மாத்தினேன், கோப்புல எழுதல. நீங்க ஏத்தினதும் அது பழையபடி வெச்சுடுச்சு. புதுப் பதிப்புல ஒண்ணும் இல்ல. பதினேழாம் பக்கத்துலயும் இல்ல."

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதாவது கண்டக்டர இறக்கிவிட்டுட்டு நீயா வண்டிய ஓட்டியிருக்கே?"

"ஆமாங்க."

அக்கா உட்கார்ந்தார். கையில் ஒட்டியிருந்த ஆரஞ்சுச் சாற்றைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த வியாழக்கிழமையே உன்னக் கேட்டேனே?"

"அப்போ நிஜமா ஞாபகம் இல்லக்கா."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாபகம் வந்துடுச்சு."

"இன்னிக்கு என்ன கிழமை?"

அக்காவே மனத்துக்குள் எண்ணினார். உதடு அசைவது தெரிந்தது. "பதினோரு நாள்," என்றார்.

பையிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டி வைத்தியர் மடியில் வைத்தார். இருபத்திரண்டு வரி. எல்லாவற்றுக்கும் டிக், ஏழாவதைத் தவிர. அங்கே அக்காவின் குண்டுக் கையெழுத்தில் இருந்தது: 'ஆபரேட்டர் ஏன் நிற்கிறது? வைத்தியரைக் கேட்டேன். தெரியாது என்றார்.'

"விசாரணையில லிஸ்ட்டக் கேட்டாங்க. நான் காட்டல," என்றார் அக்கா. "வீணா உன் பேரு எதுக்கு அடிபடணும்னு."

பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது வைத்தியருக்கு. அக்கா பேனாவை நீட்டினார்.

"எழுது."

'நிறுத்தியது நான்' என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டார். எழுதியதைப் படமெடுத்து, யாரும் சொல்லாமலே மேலாளருக்கு அனுப்பினார். அனுப்பியதைப் போனில் அக்காவிடம் காட்டினார். அக்கா நோட்டை வாங்கி, ஏழாவது வரிக்கு ஒரு டிக் அடித்து, பையில் வைத்துக்கொண்டார்.

"வரேங்கய்யா," என்று டிரைவரிடம் மட்டும் சொன்னார்.

"அக்கா, மழை... நான் விட்டுடறேன்."

"பஸ் இருக்கு."

ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே நிறுத்தம் தெரிந்தது. குடையில்லாமல் அக்கா சாலையைக் கடந்து போனார். பஸ் வர நேரமாயிற்று. வந்தது. ஏறிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு நாளைக்கு வருமா?" என்று கேட்டார் டிரைவர்.

அப்போதுதான் வைத்தியருக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்கத்தான் அக்கா வந்துகொண்டிருந்தார். இனி அவர் கேட்க வேண்டியது ஒன்றுமில்லை. இந்தக் கட்டிலுக்கு வருகிற ஒரே ஆளையும் இல்லாமல் செய்தாயிற்று.

"தெரியலங்க," என்றார். "நான் வரேன். தினமும் வரேன். என்ன மன்னி..."

டிரைவர் கையை உயர்த்தித் தடுத்தார், பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி.

"வரதுன்னா வா. மன்னிப்பு மட்டும் கேக்காதே. உன் பங்கையும் சேத்து அந்தப் பொண்ணு கேட்டு முடிச்சாச்சு."

கட்டிலின்மேல் பாதி உரித்த ஆரஞ்சு கிடந்தது. வைத்தியர் அதை எடுத்து மிச்சத்தை உரிக்க ஆரம்பித்தார்.