அடித்த வரியும் கேட்கும்

1

இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது. அண்ணியின் வாழ்க்கையை அவரைக் கேட்காமலே எடுத்து எழுதி, என் வலைப்பக்கத்தில் போட்டேன். அண்ணி வக்கீல், கண் தெரியாது. கைப்பேசி வாசிக்கும், அவர் கேட்பார். அந்தக் குரல் ஓடுகிற ஓட்டத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவரோ நாற்பது பக்கத் தீர்ப்பைக் கேட்டபடியே என் சட்டைக்குப் பொத்தான் தைத்துவிட்டு, "பதினேழாம் பக்கத்துல தேதி தப்பு" என்பார்.

2

முதல் வரைவின் தொடக்கம்: "பாவம் அண்ணி, உலகமே இருட்டு."

எழுதியதுமே கூசியது. ஆனாலும் அழிக்கவில்லை; குறுக்கே கோடு போட்டு அப்படியே விட்டேன். (எழுத்தாளன் தடுமாறுவது வாசகருக்குத் தெரிய வேண்டுமாம். பெரிய நவீனம்!) அடுத்த தொடக்கம்: "அண்ணி கேட்பதை நான் பார்த்துக்கொண்டே..." வேண்டாம், இதுவும் சரியில்லை.

3

கதையைப் போட்ட மறுநாள் அண்ணி போன் செய்தார்.

"கதை நல்லா இருக்கு தம்பி. 'பாவம் அண்ணி'ன்னு ஆரம்பிச்சதுதான்..."

"ஐயோ, அது அடிச்ச வரி அண்ணி!"

"அடிச்சதா? போன் அதைச் சொல்லலையே. எல்லா வரியும் ஒரே குரல்லதான் வந்துச்சு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பத்து வருடமாக அந்த வீட்டில் உரிமையோடு சாப்பிடுகிறவன். இனி எந்த முகத்தோடு போவேன்? நான் போட்ட கோடு கண்ணுக்கு மட்டும்தான். அடித்துவிட்டதாக நினைத்ததையே அவர் முதலில் கேட்டிருக்கிறார். இத்தனை வருடம் எழுதியும் இது எனக்கு உறைக்கவில்லையே.

4

"எடுத்துடறேன் அண்ணி."

"எடுக்காதே. நினைச்சதுதானே? அடிச்சேன்னு எழுத்துல சொல்லு, நம்பறேன். ஆனா அங்க வேற என்ன போடுவே?"

"அசாத்தியமான அண்ணி?"

சிரித்துவிட்டார். "அது அந்தப் 'பாவ'த்தோட அக்காடா. ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றேல்ல? யோசிச்சுட்டு வா."

5

[அடித்த வரி தொடக்கம்] பாவம் அண்ணி, உலகமே இருட்டு. [அடித்த வரி முடிவு]

[மாற்று வரி: ]

இன்று சனிக்கிழமை. அந்த இடம் இன்னும் காலி. கைப்பேசியை வாசிக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கதையை ஒருமுறை கேளுங்கள். "மாற்று வரி" என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் நிற்கும்போது, உங்களுக்கு என்ன தோன்றுகிறது? அண்ணியிடம் அதைத்தான் சொல்லப்போகிறேன். பார்த்துச் சொல்லுங்கள், அவர் காதில் எதுவும் தப்பாது.