கணவாய்க்கு அந்தப் பக்கத்து வானம்

"செவ்வாய்க்கிழமை போகலாம்னு பேசிட்டு இப்போ பொறுங்கிறியே அண்ணே. வியாழக்கிழமை டாக்டர் பொறுப்பாரா?"

"காத்து என் பேச்சைக் கேக்குமா, தூருன்? காலையிலயே கணவாயை மூடிட்டாங்க."

"முப்பது வருஷமா அந்த மலையில பனி தள்ளுற. காத்துக்கு இன்னும் உன்னை அடையாளம் தெரியலையாக்கும்!"

ஈவார் சிரிக்கவில்லை. நண்பகல் மணி பன்னிரண்டு. தங்கையின் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, வடதுருவத்தை ஒட்டிய, ஒரு மாதமாகச் சூரியன் எட்டிப் பார்க்காத செனியா தீவு நீலமாய் உறைந்து கிடந்தது. கடற்கரை முழுவதும் மேகம். வானம் தெளிந்திருப்பது கணவாய்க்கு அந்தப் பக்கம் மட்டும்தான். அதுவும் இன்று ஒரு நாள்தான் என்றது வானிலை அறிக்கை.

தூருனுக்கு ஒரு கண் சிறுவயதிலேயே போய்விட்டது. மிஞ்சிய கண்ணில் இப்போது கட்டி. வியாழக்கிழமை அந்தக் கண்ணையும் எடுத்துவிடுவார்கள். அதற்குள் ஒரே ஒருமுறை, குளிர்கால இரவு வானத்தில் பச்சையாய் அலையும் வடவொளியைப் பார்த்துவிட வேண்டும்.

அந்த ஒளிக்குக் கீழேயே அறுபத்திரண்டு வருடம் வாழ்ந்தவள் ஆறு வயதுக்குப் பிறகு அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்த வயதில் ஒருமுறை வெள்ளைத் துண்டை ஆட்டி அதைக் கூப்பிட்டாள். "ஆட்டினா நம்ம வீட்டு ஆள் ஒருத்தரை வாரிக்கிட்டுப் போயிடும்டி" என்று மிரட்டியவன் ஈவார்தான். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒருவரையொருவர் மிரட்டுகிற கதை அது. ஆனால் அந்த வாரமே மீன்பிடிக்கப் போன அப்பா திரும்பவில்லை. அன்று இழுத்து மூடிய திரையைத் தூருன் எந்தக் குளிர்காலத்திலும் விலக்கவில்லை. அது சும்மா சொன்னதுதான் என்று ஈவாரும் வாய் திறந்ததில்லை.

கைப்பேசி அடித்தது. சாலை அலுவலகம். மூன்று மணிக்கு ஈவாரின் பனித்தள்ளி வண்டி முன்னே போக, வண்டிகள் வரிசையாகப் பின்னால் போகலாம்.

"தொறந்துட்டாங்களா?" தூருன் எழுந்தேவிட்டாள். "நான் காரை எடுக்கிறேன்."

"லாரிங்களை மட்டும்தான் விடுறாங்க. உன் காரை இந்தக் காத்து தீப்பெட்டி மாதிரி தூக்கி எறிஞ்சிடும்."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். பையில் ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்திருந்தாள். கணவாய்க்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இன்றிரவுக்கு வாடகைக்குப் பிடித்திருந்த மரவீட்டின் சாவியும் அதிலேயே இருந்தது.

"பயந்தே காலத்தை ஓட்டிட்டேன் அண்ணே. கண்ணு போன பிறகும் பயந்துக்கிட்டே கெடக்கணுமா?"

"தூருன், அந்தக் கதை..." என்று தொடங்கிய ஈவார் காப்பியை ஒரு மடக்குக் குடித்தான். பனித்தள்ளியில் ஓட்டுநரைத் தவிர ஒருவரும் ஏறக்கூடாது. ஏற்றினால் அவன் வேலை போகும். பனிச்சரிவு விழுந்தால் இருவர் உயிரும் போகும். எழுந்து மேல்சட்டையை மாட்டினான்.

வாசல்வரை வந்த தூருன் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பக்கத்து சீட்டு காலியாத்தானே போகுது. என்னை ஏத்திக்கோயேன் அண்ணே."